சம்பந்தி பார்க்க வந்த குளம்

அன்று காலை குளக்கரையில் நின்றவர்கள் மூன்றே பேர்: பெரியவர், அவர் மனைவி, அவர் தம்பி. குளத்தில் நிற்க வேண்டிய தண்ணீரைத்தான் காணவில்லை.

பெரியவர் கரையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் கரைமுட்டி நின்னுச்சேடா! பெஞ்ச மழை மொத்தமும் எங்கே போச்சு?"

"நீங்கதானே அண்ணே, சம்பந்தி வர்றாரு, சேறு தெரியக் கூடாதுன்னு மழைக்கு முன்னாடியே அடி வண்டலை வழிச்சு எடுக்கச் சொன்னீங்க. இப்ப கீழே வெறும் மணலு."

"பாக்க வர்றவருக்குச் சேத்தையா காட்டுறது?"

"அந்தச் சேறுதான் தண்ணியைப் பிடிச்சு வச்சிருந்தது," என்றாள் மனைவி. "இனிமே சல்லடையைக் காட்டுங்க."

அந்த மேட்டு நிலத்தில் குளம் நிற்காது என்று மகள் கல்யாணத்தன்றே சிரித்தவர் சம்பந்தி; மேட்டடியில் இருக்கும் தன் தோட்டத்தை மகனிடம் விட்டுவிட்டு டவுனில் குடியிருப்பவர். "நிக்க வச்சுக் காட்டுறேன், வந்து பாருங்க" என்று சபை நடுவே மீசையை முறுக்கியவர் பெரியவர். அந்தப் பேச்சுக்குத்தான் இன்று பத்து மணி பஸ்ஸில் ஆபத்து வந்துகொண்டிருந்தது.

தம்பி டேங்கர் லாரிக்குப் போன் போட்டான். முதல் லோடு, ஓட்டுநர் குழாயைச் சுருட்டுவதற்குள் இறங்கிப் போயிற்று. இரண்டாவது லோடு நுரையை மட்டும் விட்டுச் சென்றது.

"எருமைங்களை விட்டு மிதிச்சா அடி இறுகிடும் அண்ணே."

ஆறு எருமைகள் வந்தன. நான்கு மிதித்தன. ஒன்று நடுக்குளத்தில் படுத்துவிட்டது. ஆறாவது, வெளியேறும் அவசரத்தில் கரையை ஒரு முழம் சரித்தது.

"அடப்பாவி, இருந்த கரையும் போச்சா!"

"மூணாவது லோடை எருமை மேலேயே கொட்டட்டுங்களா?" என்றார் லாரி ஓட்டுநர்.

"கொட்டுய்யா! பஸ் வந்துருச்சு!"

சம்பந்தி பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்கும் போகாமல், நேராக மேடேறி வந்தார். கணுக்கால் தண்ணீரைப் பார்த்தார். அதில் படுத்திருந்த எருமையைப் பார்த்தார். எருமையும் அவரைப் பார்த்தது. பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, உங்க குளத்துத் தண்ணி அத்தனையும் ஒழுகி வீணாப் போச்சுன்னு பஸ்ஸுல பேசிக்கிறாங்களே?"

பெரியவர் வாய் திறக்குமுன் லாரி ஓட்டுநர் முந்திக்கொண்டார்.

"ஒரு சொட்டு வீணாப் போகலீங்க. கீழே உங்க கிணத்துக்குத்தான் வந்துருச்சு. உங்க மகன் காலையிலேருந்து அதைத்தான் என் லாரியில ஏத்தி, மாமனாருக்கே வித்துக்கிட்டிருக்காரு."