புதுசு எடுக்கிறதோ, பழசைப் பார்க்கிறதோ?

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரை டவுனில இருக்கிற கடைக்குக் கொண்டுபோய், இதைத் திருத்தி எடுக்கலாமோ, இல்லாட்டி புதுசு வாங்கத்தான் வேணுமோ எண்டு கேட்டுக்கொண்டு வாறது.

அரை மணித்தியால வேலை. அப்பிடித்தான் நினைச்சனான்.

எனக்குத் துறைமுகத்தில, இழுவைப் படகில வேலை. பகல் முழுக்கப் பெரிய கப்பலுகளைத் தள்ளிக் கரையில விட்டிட்டு, பின்னேரம் வீட்டை வந்து கம்ப்யூட்டரில கப்பல் ஓட்டுற கேம் விளையாடுவன்.

"முழுநாளும் கப்பல் பார்த்தது காணாதோ?" எண்டு மனுசி வசந்தி கேப்பா.

காணாது. படகில எனக்கு மேல மூண்டு பேர் இருக்கினம். கேமில நான்தான் கப்டன்.

ஆனா ஒரு மாசமா கப்டனுக்கு மரியாதை இல்லை. கப்பல் கட்டுற துறையான ஜெட்டிக்குக் கிட்டப் போகேக்க கம்ப்யூட்டர் உறுமத் தொடங்கும். பெட்டி கொதிக்கும். பிறகு பட்டெண்டு நிண்டுபோகும். என்னோட வேலை செய்யிற நிசாம் கிண்ணியாவில இருந்து ஒன்லைனில இதெல்லாத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான். அடுத்த நாள் படகில ஏறினா, "இவர் நேற்றும் ஜெட்டியில இடிச்சவராம்" எண்டு கப்டன் வரைக்கும் கதை போயிருக்கும்.

இடிச்சது நானில்லை, கம்ப்யூட்டர்தான் எண்டு சொல்லிப் பார்த்தனான். துறைமுகத்தில அப்பிடிச் சொல்லித் தப்ப ஏலாது.

பாலையூற்றில எங்கட வீட்டால வெளிக்கிடுற நேரம் மழை தூறத் தொடங்கிட்டுது. பெட்டி நனைஞ்சா எல்லாம் முடிஞ்சுது. சுத்துறதுக்கு என்ன இருக்கு எண்டு தேடினன். கையில அம்பிட்டது மகள் குழந்தையா இருக்கேக்க போர்த்தின போர்வை. இளம் நீலம், அதில மஞ்சள் தாராக்குஞ்சுகள். மகளுக்கு இப்ப பன்ரெண்டு வயசு, அண்டைக்கு ரியூசனுக்குப் போயிட்டா.

நல்லா இறுக்கிச் சுத்தினன். வசந்தி அதைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கொண்டா. நான் குடை பிடிச்சன்.

ரோட்டில வந்த ஓட்டோவை மறிச்சம். ஓட்டினது நரைச்ச தாடியோட ஒரு நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கட பக்கம் அப்பிடித்தான் கூப்பிடுறது.

"டவுனுக்கு விடுங்கோ நானா. மெல்லமா விடுங்கோ, இது குலுங்கக் கூடாது."

அவர் முன்னுக்குத் தொங்கின கண்ணாடியால போர்வையை ஒருக்காப் பார்த்தார். "பயப்படாதீங்க தம்பி" எண்டார்.

நல்ல மனுசன் எண்டு நினைச்சன். ஓட்டோ வெளிக்கிட்டுது, நாங்களும் எங்கட கதையைத் தொடங்கினம்.

"நேற்றும் சரியான சூடு. கை வைக்க ஏலாமக் கிடந்தது" எண்டன்.

"சத்தமும் ஒரு மாதிரி" எண்டா வசந்தி. "இழுத்து இழுத்து மூச்சு விடுற மாதிரி. குசினியில சமைக்கேக்கயும் கேக்குது."

"பிறகு அப்பிடியே அடங்கிப்போகுது. ரெண்டு தட்டுத் தட்டினாத்தான் எழும்புது."

ஓட்டோ வேகம் எடுத்துது. மழை கூட முன்னம் போய்ச் சேரப் பார்க்கிறாராக்கும் எண்டு நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை.

"இதுக்குச் செலவழிக்கிறதை விட, புதுசு ஒண்டு எடுக்கிறதுதான் நல்லம் போல கிடக்கு" எண்டன்.

"அப்ப இதை என்ன செய்யிறது?"

"உள்ளுக்க நல்லாயிருக்கிற சாமானுகளைக் கழட்டி எடுப்பம். மிச்சத்தை ஆரும் கேட்டாக் குடுப்பம்."

"ஆர் கேப்பினம் இதை?"

"கேக்காட்டி எறியிறதுதான்."

நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்குள்ள நானாவின்ர ரெண்டு கண்ணும் என்னையே முறைச்சுக்கொண்டிருக்கு. கம்ப்யூட்டர் கடை இருக்கிற சந்தி வந்துது.

"இஞ்சதான் நானா, நிப்பாட்டுங்கோ."

அவர் நிப்பாட்டேல்லை. ஹோர்னை அமத்தினபடி, "வாயைப் பொத்திக்கிட்டு இருங்க தம்பி" எண்டார்.

ஓட்டோ போய் நிண்டது ஆஸ்பத்திரி வாசலில.

நாங்கள் என்ன ஏது எண்டு விளங்கிறதுக்கு முன்னம் அவர் குதிச்சிறங்கி, அங்க நிண்ட நேர்சைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்.

"புள்ளைக்கு மூச்சு இழுக்குது. தாயும் தகப்பனும் சரியில்ல. முதல்ல புள்ளைய அவங்ககிட்ட இருந்து வாங்குங்க."

நேர்ஸ் வசந்தியின்ர கையில இருந்து போர்வையை வாங்கினா. வாங்கின உடனே அவவின்ர ரெண்டு கையும் கீழ போயிட்டுது.

"என்ன, இவ்வளவு பாரமா இருக்கு?"

நான் விசயத்தைச் சொல்ல முன்னமே, நேர்ஸ் தாராக்குஞ்சுப் போர்வையை மெல்ல விலக்கினா. உள்ளுக்க இருந்து கறுப்பு வயர் ஒண்டு தொங்கிச்சுது. அவ வயரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்ப வயரைப் பார்த்தா.

"இதை எந்த வார்ட்டில போடுறது?" எண்டு கேட்டா.

சுத்தி நிண்ட சனம் சிரிக்கத் தொடங்கிட்டுது. நானா மட்டும் சிரிக்கேல்லை. ஓட்டோவில சாஞ்சுகொண்டு நிண்டு, ஒவ்வொண்டா விசாரிச்சார்.

"அப்ப மூச்சு இழுத்தது?"

"அது ஃபேன் சத்தம், நானா."

"புதுசு எடுக்கிறன் எண்டது?"

"கம்ப்யூட்டர்."

"சாமான் கழட்டுறது?"

"அதுவும் கம்ப்யூட்டரிலதான்."

தாராக்குஞ்சுப் போர்வையை ஒருக்காப் பார்த்தார். "உங்களுக்குப் புள்ள இருக்கா?"

"ஓம், மகள் ஒராள். ரியூசனுக்குப் போயிருக்கிறா."

"சுகமா இருக்காவா?"

"சுகமா இருக்கிறா."

"அல்ஹம்துலில்லாஹ்" எண்டார். அதுக்குப் பிறகுதான் சிரிச்சார். சிரிப்பு அடங்கி ஓட்டோவை ஸ்டார்ட் பண்ண அவருக்கு அஞ்சு நிமிசம் எடுத்துது.

கடைக்கும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். விட்டிட்டுப் போகேல்லை, உள்ளுக்கும் வந்திட்டார். தான் காப்பாத்தினது என்னெண்டு பார்க்க வேணுமாம்.

கடையை நடத்திறது நிரோஷா எண்ட பிள்ளை, திருத்திறதும் அவதான். பெட்டியைத் திறந்து, ஃபேனில இருந்து பஞ்சு மாதிரித் தூசியை இழுத்து எடுத்தா.

"அண்ணா, இதை வீட்டில எங்க வச்சிருக்கிறீங்கள்?"

"அலுமாரிக்குள்ள."

"அலுமாரிக்குள்ளயோ?"

"போன மாசம் புது அலுமாரி வாங்கினனாங்கள். உப்புக்காத்துப் படக்கூடாது எண்டு அதுக்குள்ள வச்சு, கதவைப் பூட்டிட்டுத்தான் விளையாடுறனான்." கொஞ்சம் பெருமையாத்தான் சொன்னனான்.

நிரோஷா தூசியைத் தூக்கி எனக்குக் காட்டினா. பின்னுக்கு நிண்ட நானாதான் சொன்னார்: "புள்ளைய அலுமாரிக்குள்ள பூட்டி வச்சா மூச்சு இழுக்காம என்ன தம்பி செய்யும்?"

புதுசு தேவையில்லையாம். தூசி தட்டி, மெமரி ஒண்டு கூடப் போட்டா இன்னும் ரெண்டு மூண்டு வருசம் ஓடுமாம். "ஆனா வெளியில வையுங்கோ அண்ணா, காத்துப் படட்டும்" எண்டா. ஒரு மணித்தியாலத்தில வேலை முடிஞ்சுது. வீட்டை வந்து போட்டன், சத்தமே இல்லாமல் ஓடிச்சுது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வசந்தியோட கோயிலுக்குப் போற ரெண்டு பேர், அப்பிள் ஒரு பையும் பிஸ்கட்டுமா வந்திச்சினம். ஆஸ்பத்திரி வாசலில எங்களைக் கண்டவையாம், நேர்ஸ் தூக்கினவரைக்கும் பார்த்திட்டு, அழுகை வந்து அங்கால போயிட்டினமாம். சுகமில்லாத பிள்ளை எங்க எண்டு கேட்டினம். மகள் அப்பிளைக் கடிச்சுக்கொண்டு கம்ப்யூட்டரைக் காட்டினா.

ஓட்டோவில ஏறினா இனி மழை வெயிலைப் பற்றி மட்டும்தான் கதைக்கிறது எண்டு வீட்டில முடிவெடுத்திருக்கிறம்.