ஆமென் சொன்னதுக்கு வந்த மீன்

"மாமல்லபுரம் போற வழியில கடலைப் பாத்தாப்ல ஒரு ஓட்டல் கீது, மீன் சாப்பாடு அமிர்தம்" என்று எனக்கு முதலில் சொன்னது எங்க சபை குளோரி அக்கா. போன மாசம், ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வாசல்ல செருப்பு தேடும்போது.

விலையைப் பத்தி அக்கா ஒண்ணும் சொல்லல. அவங்களைக் கூட்டிப் போய் பில் கட்டினது மருமகன்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆச்சு. என் வீட்டுக்காரர் கல்பாக்கத்துல ஸ்டாஃப் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இத்தனை வருஷமும் வெளியில ஒரு டீ குடிச்சாலும் காசு அவர்தான் குடுத்தார். ஒரு வேளையாவது என் கையால பில் கட்டணும்னு ஆசை. பொண்ணு புடவைக்குன்னு தந்த ரெண்டாயிரம் இருந்துச்சு. "பர்ஸை வீட்ல வெச்சுட்டு வாங்க"ன்னு பிடிவாதமா சொல்லிட்டேன். அவரும் வெச்சுட்டு வந்துட்டார்.

அந்த ஓட்டல்ல போய் உக்காந்தா, மெனு கார்டுல முழு கொடுவா மீனுக்கு நேரா விலையே இல்ல. 'சைஸைப் பொறுத்து'ன்னு போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை உடனே மூடிட்டு, ரெண்டு மீன் சாப்பாடு மட்டும் சொன்னேன்.

அவர் கை கழுவப் போனார். சாப்பாடு வர்றதுக்குள்ள ஜெபத்தை முடிச்சுடலாம்னு கண்ணை மூடினேன்.

என் ஜெபம் கொஞ்சம் நீளம். பிள்ளைங்க, பேரன், அவரோட முட்டி வலின்னு ஒவ்வொண்ணாச் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆமென் போடுவேன். நடுவுல ஏதோ பேச்சு காதுல விழுந்தது. பக்கத்து டேபிள்னு விட்டுட்டேன். ஜெபத்துல கவனம் சிதறக்கூடாது இல்லையா.

சாப்பாடு வந்தது. பின்னாடியே ஒரு மீனும் வந்தது. தொட்டில்ல போட்டு ஆட்டலாம், அவ்ளோ பெருசு.

"இது யாருக்குங்க?"

நரைச்ச மீசைக்கார சர்வர் என்னையே பாத்தார். "உங்களுக்குத்தாம்மா. தட்டுல எடுத்தாந்து காட்டி, இத்த முழுசா வறுக்கவான்னு கேட்டேன். ஆமான்னீங்க. எறாவும் வெச்சிடவான்னேன். ஆமான்னீங்க. பாட்டில் தண்ணியான்னேன். அதுக்கும் ஆமான்னீங்க."

"ஐயோ, அது ஆமா இல்லங்க. ஆமென்."

"ரெண்டும் ஒண்ணுதானம்மா."

அர்த்தம் பாத்தா அவர் சொல்றதும் சரிதான். வறுத்த மீனைத் திருப்பி எடுக்கவும் மாட்டாங்களாம்.

கை கழுவிட்டு வந்தவர் மீனைச் சுத்தி ஒரு பார்வை பாத்தார். "இன்னாடி இது? கடப்பாக்கம் மீன் கரையில வாங்கியிருந்தா தெருவுக்கே கொழம்பு வெச்சிருக்கலாமே."

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல பக்கத்து டேபிள்காரங்க திரும்பினாங்க.

பில் வந்தது. நாலாயிரத்துக்குக் கொஞ்சம்தான் கம்மி. கடைசியில சர்வீஸ் சார்ஜ் பத்து பர்சென்ட், அதுக்கு மேல வரி. பத்துல ஒரு பங்கு தசமபாகம் கர்த்தருக்கு மட்டும்தான்னு இத்தனை நாள் நெனச்சுகினு இருந்தேன்.

"பையனுக்கு போன் போடட்டா? அவன் அனுப்பிடுவான்" என்றார்.

"வேணாங்க." 'அம்மா, ஈசிஆர் பக்கம் சாப்பிடப் போவாத, காத்துக்குக் கூட காசு போடுவான்'னு முன்னாடியே சொன்னவன் அவன். அவனுக்குத் தெரிஞ்சா கிறிஸ்துமஸ் வரைக்கும் சொல்லிக் காட்டுவான்.

பையைத் திறந்தேன். வேதாகமத்துக்குள்ள ஒரு கவர். முப்பது வருஷத்துக்கு நன்றி சொல்லி ஞாயித்துக்கிழமை போட வெச்சிருந்த ஸ்தோத்திரக் காணிக்கை. 'ஆண்டவரே, மன்னியும்'னு பிரிச்சேன். கண்ணை மூடாமத்தான் ஜெபிச்சேன். சர்வர் பக்கத்துலயே நின்னுகினு இருந்தார்.

மிச்சம் வெக்காம எலும்பு வரைக்கும் உறிஞ்சின என் வீட்டுக்காரர் வெளியில வந்து சொன்னார், "முப்பது வருஷத்துல நீ வாங்கித் தந்த மொத மீனு. வீணாக்குவேனா?"

காணிக்கை அடுத்த மாசம் போடுறேன்னு பாஸ்டரய்யாகிட்ட சொன்னேன். என்னம்மா செலவுன்னார். "ஒரு சர்வீஸுக்குக் குடுத்துட்டேன் ஐயா"ன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் கண்ணை மூடிகினு இருந்தா, திறக்கற வரைக்கும் எதுவும் கேக்காதீங்க.