சம்பந்திக்கு, பூநாரைகள் பறந்துபோனது குறித்து

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி பூபதி அவர்களுக்கு மாதேஸ்வரன் இரு கையும் கூப்பி எழுதுவது. இங்கு நானும், மனைவி அத்தாயியும், மகள் கௌசிகாவும், மிளகுக் கொடிகளும் சுகம். அங்கு உங்கள் சுகத்தையும், உங்கள் வீட்டம்மா, எனக்குத் தங்கை முறையான சுகுணாவின் சுகத்தையும், மாப்பிள்ளை கோகுல்நாத்தின் சுகத்தையும் அறிய ஆவல். சம்பந்தி, மாப்பிள்ளை என்றெல்லாம் இன்னும் எழுதலாமா என்று தெரியவில்லை. கை பழகிவிட்டது, எழுதிவிட்டேன். பூநாரைகளின் சுகத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லாததால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய மன்னிப்புக்கு இரண்டு நீலக் கோடு விழுந்ததே தவிர பதில் விழவில்லை. தை பிறந்ததும் பிள்ளைகளுக்கு நிச்சயம் வைப்பதாகப் பேசியிருந்தோம். இப்போது தை எட்டிப் பார்க்கிறது, உங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை முன்பெல்லாம் போனில் பேச ஆரம்பித்தால் கௌசிகா டவர் தேடி பலா மரத்தடிக்குப் போய் உலை கொதித்து அடங்கும்வரை நிற்பாள். இப்போது போன வேகத்தில் திரும்பி வந்து என் முன்னால் சோற்றுத் தட்டை வைக்கிறாள். வைக்கிற சத்தத்திலேயே விஷயம் தெரிகிறது. நேற்று மட்டும் வாயைத் திறந்து, "அப்பா, கெடுத்தது நீங்க. நீங்களே சரி பண்ணுங்க" என்றாள். அதனால்தான் தாளை எடுத்தேன்.

நடந்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஆனாலும் என் பக்கத்தில் இருந்து அது எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம் மலையில் சோளக்காட்டு ஊரில் பிறந்த நீங்கள் வனத்துறைக் காவல் வேலைக்காகக் கடலோரச் சரணாலயத்துக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டவர். வயதானவர்கள், குழந்தைகள், மூட்டு வலிக்காரர்கள் எல்லாரும் சிரமமில்லாமல் நடந்து பறவை பார்க்கிற மாதிரி கரையோரமாக ஒரு நடைவழி வேண்டும் என்று மேலிடத்தில் பல வருடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் ரேஞ்சரே பட்டணத்துக்காரர்கள் சிலரை அழைத்துக்கொண்டு முதல் நடைக்கு வர ஒப்புக்கொண்டார். அந்த நாள் பார்த்துத்தான் பெண் வீட்டாராகிய நாங்கள் மிளகும், சாமை அரிசியும், ஒரு தார் மலைவாழையும் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டில் வந்து இறங்கினோம். நீங்கள் பெரிய மனது பண்ணி எங்களையும் நடைக்குக் கூப்பிட்டீர்கள். வேறு யாராக இருந்தாலும் வாழைத்தாரோடு எங்களையும் வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

முதல் தவறு என் வாய். "எளிய நடை" என்று நீங்கள் சொன்னபோது நான் சிரித்தேன். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு செங்குத்தான பாதையில் இறங்குகிறவனுக்குத் தட்டையான மணலில் நடக்கவா சொல்லித் தரவேண்டும் என்று சுகுணா முன்னாலேயே பீற்றிக்கொண்டேன். மணலில் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது. மலையில் கால் வைத்தால் கல் தாங்கும். இங்கே வைத்த கால் உள்ளே போகிறது, எடுத்த கால் பின்னால் போகிறது. மேடு ஏறுகிற பழக்கத்தில் நான் முன்னால் குனிந்து குனிந்து நடக்க, பட்டணத்து அம்மா ஒருவர் ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து என்னோடு சேர்ந்து மணலில் தேட ஆரம்பித்தார். பாவம், நல்ல மனுஷி.

உடுப்பு இரண்டாவது தவறு. சம்பந்தி வீடு ஆயிற்றே என்று நான் பளீரென்று வெள்ளை வேட்டி சட்டையிலும், அத்தாயி செவப்புப் பட்டிலும் நின்றோம். பறவைகள் மிரளும் என்று நீங்கள் மெல்லச் சொல்லி, உங்களுடைய பழைய பச்சைச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டீர்கள். பொத்தான் போட்டால் மூச்சு விட முடியவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டேதான் வந்தேன் சம்பந்தி. அந்த மூச்சு மொத்தமும் எதற்குச் சேர்ந்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்கே தெரியாது.

இனி நடையைச் சொல்கிறேன். நூறு மாடு ஒன்றாகப் போகிற அகலத்துக்குக் கரை கிடந்தது. மற்றவர்கள் இரண்டு பேர் மூன்று பேராகப் பேசிக்கொண்டு போனார்கள். நாங்கள் மட்டும் ஒற்றையடிப் பாதையில் போகிற மாதிரி, நான் முன்னால், அத்தாயி பின்னால். வேறு மாதிரி எங்களுக்கு நடக்கத் தெரியாது. வளைவுக்கு வளைவு ஆள் மறைகிற மலையில், பின்னால் வருகிறவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். திரும்பினால் கால் வழுக்கும். திரும்பினாலும் பாறைதான் தெரியும். பின்னால் கல் உருள்கிற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அது நின்றால் ஒரு குரல் கொடுப்போம். பின்னால் இருப்பவர் பதில் குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் ஆள் பள்ளத்தில் விழுந்துவிட்டார் என்று அர்த்தம். அந்தக் குரலைக் கேட்கிற யாராக இருந்தாலும், பகையாளியே ஆனாலும், பதில் கொடுத்துவிட்டுக் கம்போடு ஓடிவர வேண்டும்.

மணலில் காலடிச் சத்தம் வராது என்பது எனக்குத் தோன்றவில்லை. அதுதான் சம்பந்தி என் புத்தி.

நீங்கள் முன்னால் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினீர்கள். ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நின்றன. ரேஞ்சர் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினீர்கள். அந்த அமைதியில்தான் என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை என்பது எனக்கு உறைத்தது. அத்தாயிக்குக் கடல் புதிது. அலை இழுத்திருந்தால்? அதற்கு மேல் யோசிக்கவில்லை. அடக்கி வைத்திருந்த மூச்சு முழுவதையும் சேர்த்து மலைக்குரல் கொடுத்தேன். பச்சைச் சட்டையின் பொத்தான்கள் தெறித்தன. பறவைகளில் பாதி எழும்பின. பதில் இல்லை. இன்னொன்று கொடுத்தேன். அதற்கும் இல்லை. மூன்றாவதாகக் கொடுத்ததற்குத்தான் பதில் வந்தது.

அந்தப் பதிலைக் கொடுத்தது நீங்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. சோளக்காட்டு உடம்பு, கூப்பிட்டால் பதில் கொடுத்துவிடும். வனத்துறைச் சீருடை போட்டால் அது போய்விடுமா? உங்கள் குரல் என் குரலைவிடப் பெரிது என்பதை மட்டும் மரியாதையோடு சொல்லிக்கொள்கிறேன். மிச்சமிருந்த பாதியும் எழும்பிவிட்டது. வானம் முழுக்க ரோஸ் நிறமாகிக் கடல் பக்கம் போயிற்று. பட்டணத்துக்காரர்கள் அதைப் படம் பிடித்தார்கள். ரேஞ்சர் படம் பிடிக்கவில்லை.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அத்தாயி அலை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடல் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ரேஞ்சர் உங்களைப் பார்த்து, "யாருங்க இவரு?" என்று கேட்டார். காலையில் எல்லாரிடமும் "எங்க சம்பந்திங்க" என்று தோளில் கை போட்டு அறிமுகம் செய்தவர் நீங்கள். இப்போது மணலைப் பார்த்துக்கொண்டு, "ஊர்க்காரருங்க" என்றீர்கள். அது எனக்கு வலித்தது சம்பந்தி. உங்கள் மேல் கோபத்தால் அல்ல. பல வருட ஆசையை நீங்கள் கையில் பிடித்த நேரத்தில், அதைத் தட்டிவிட்டது நான்தானே என்று வலித்தது. அந்த நடைவழிக்கு அனுமதி கிடைத்ததா இல்லையா என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன். பஸ் ஏறும்வரை சுகுணா மட்டும்தான் பேசினாள். கொண்டைஊசி வளைவுகள் ஏறும்போது வழக்கமாக வாந்தி எடுக்கிறவன், இந்த முறை அதற்குக்கூட மனசில்லாமல் வந்து சேர்ந்தேன்.

ஆகவே கேட்டுக்கொள்வது இதுதான். குற்றம் முழுக்க என்னுடையது. என்னை ஊர்க்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சம்மதம். பிள்ளைகள் என்ன செய்தார்கள்? மாப்பிள்ளைக்கு எங்கள் கௌசிகாவை விட்டால் வேறு பேச்சு இல்லை என்பதும், அவளுக்கும் அப்படியே என்பதும் உங்களுக்குத் தெரியும். கௌசிகாவுக்குக் குரலும் மெல்லிய குரல், அம்மாவைப் போல. நிச்சயத்துக்கு ஒரு நாள் மட்டும் சொல்லி அனுப்புங்கள். மணமேடையில் நான் வாயே திறக்கமாட்டேன். இனி என் ஆயுசில் கடற்கரைப் பக்கம் தலை வைத்துப் படுக்கமாட்டேன், அத்தாயியும் வரமாட்டாள். இது சத்தியம்.

உங்கள் குடும்பம் நோய் நொடி இல்லாமல் இருக்கவும், போன பறவைகள் திரும்பி வந்து அதே இடத்தில் நிற்கவும் அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். சுகுணாவுக்கு என் விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், வாங்கிக்கொள்வதாக இருந்தால்.

இப்படிக்கு,
ஊர்க்காரர்
மாதேஸ்வரன்

பி.கு: உறையில் போடும் முன் கடிதத்தை அத்தாயிக்கு வாசித்துக் காட்டினேன். சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள். கடல் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை என்ற இடம் வந்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, எனக்குக் கேட்டுச்சுங்க. மூணு தடவையும் கேட்டுச்சு."

கேட்டும் ஏன் பதில் கொடுக்கவில்லை என்றேன்.

"கல்யாணம் ஆனதுல இருந்து நீங்க கூப்புட்டு நான் பதில் குடுக்காம இருந்ததில்லீங்க. அன்னிக்கு அந்தத் தண்ணியப் பாத்ததும், கொஞ்ச நேரம் ஆருக்கும் பதில் சொல்லாம உக்காந்திருக்கோணும்னு இருந்துச்சு. நீங்க திரும்பிப் பாத்திருந்தா, கண்ணுக்கு நேராத்தான இருந்தேன்."

அவள் மறுபடி முறத்தை எடுத்துப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். ஆகவே மேலே நான் செய்த சத்தியத்தை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் அவள் அங்கே வருகிறாளாம். நிச்சயம் நடந்தால் சம்பந்தி வீட்டுக்கு வருவாளாம், நடக்காவிட்டால் சத்திரத்தில் தங்கிக்கொள்வாளாம். கடலைப் பார்ப்பதில் மாற்றம் இல்லையாம். அவளை மட்டும் அந்த எளிய நடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சரணாலய வாசல் சோதனைச் சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி, அவளாக எழுந்து வரட்டும். நான் கூப்பிடமாட்டேன்.