மேனேஜருக்கு இருமல் வராது

விடுமுறை வாரத்தை வீட்டில் தனியாகக் கழித்தே தீருவது என்று அதிகாரி சபதம் எடுத்துவிட்டார். ஆனால் அவர் மனைவி, இருவரும் தன் அக்கா வீட்டுக்குப் போவதாக ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள்.

அக்காவிடம் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பயமெல்லாம் சகலையிடம்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால்கூட "மெதுவா, மெதுவா" என்று மேஜைக்கடியில் இல்லாத பிரேக்கை மிதிப்பார். போன தடவை அதிகாரி பல் தேய்ப்பதை நின்று பார்த்துவிட்டு, "வளைவுல தடுமாறுறீங்க சகலை" என்றார்.

தப்பிக்க ஒரே வழி நாய். தின்றுவிட்டுத் தூங்குவதாலும், விழித்தால் காரணமில்லாமல் கத்துவதாலும் அதற்கு மேனேஜர் என்று பெயர். ஊருக்குப் போனால் அதை நாய் விடுதியில்தான் விட வேண்டும். இருமல் தடுப்பு மருந்து போடாத நாயை விடுதியில் சேர்க்க மாட்டார்கள். மேனேஜருக்கு அதைப் போட்டு வருஷம் தாண்டிவிட்டது. மருந்து இல்லையென்றால் விடுதி இல்லை. விடுதி இல்லையென்றால் நாய்க்குத் துணையாக வீட்டில் ஓர் ஆள்! இன்சூரன்ஸ் ஆபீசில் ஊரார் நஷ்டத்தையெல்லாம் தட்டிக்கழித்தவருக்கு ஒரு நாயின் இருமல் எம்மாத்திரம்?

வருஷாந்தர ஊசிக்கு இருவரும் மேனேஜரைக் கூட்டிப்போனார்கள். "வெறிநாய்க்கடி ஊசி கட்டாயம்," என்றார் கால்நடை டாக்டரம்மா. "பார்வோ, டிஸ்டெம்பர்னு உயிரை வாங்குற நோய்ங்களுக்கும் கண்டிப்பா போடணும். இருமல் மருந்து மட்டும் நாயைப் பொறுத்தது. மத்த நாய்ங்களோட பழகுமா?"

"பழகவே பழகாது டாக்டர். சுத்த சாமியார்."

சாமியார் அந்த நேரம் பார்த்து, கதவிடுக்கில் எட்டிப்பார்த்த வேறொரு நாயின் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"அது பழக்கமில்ல டாக்டர். சும்மா விசாரிப்பு."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப வேணாம் டாக்டர். தேவையில்லாத மருந்து எதுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதை அவள் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இல்லை. அதிலேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

"அப்ப விடுதி?" என்று இழுத்தார்.

"சேக்க மாட்டாங்களே. யாராவது கூட இருக்கணும்."

"நான் இருக்கேம்மா. நீ நிம்மதியா போய்ட்டு வா. சகலையைப் பாக்கணும்னு எனக்கும் ஆசைதான். என்ன பண்றது, வாயில்லா ஜீவன்!" குரல் தழுதழுத்தது. மனசோ அதற்குள் வீட்டுக்குப் போய்க் கட்டிலில் குறுக்கே படுத்துவிட்டது.

"உங்களைத் தனியா விட்டுட்டு நான் மட்டும் போறதா? மனசு கேக்குமா?" அவள் போனை எடுத்தாள். "அக்கா, நாங்க வரல. இவரு நாயை விட்டு நகர மாட்டேங்கறாரு. ஆனா மாமாவைப் பாக்கணும்னு அப்படியே கண் கலங்கறாரு. பேசாம நீங்க எல்லாரும் இங்க வந்துடுங்க. ஒரு வாரம் என்ன ஒரு வாரம், பத்து நாள் இருங்க!"

அதிகாரி அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லவேளை, அங்கே ஒரு நாற்காலி இருந்தது.

போனை வைத்தவள் டாக்டரிடம் திரும்பினாள். "அந்த இருமல் மருந்தையும் போட்டுடுங்க டாக்டர். அக்கா அவங்க நாயையும் கூட்டிட்டு வராளாம். பரவால்ல, ரெண்டையும் பாத்துக்க இவரு வீட்லயே இருக்கேன்னு சொல்லிட்டாரு."