மகசீன் அன்ரி சுடப்போன நாள்

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அத்தனை தமிழருக்குள்ளும், எந்தப் பொருளையும் முதல் தடவையிலேயே நம்பிவிடாத ஒரே மனுசி மகசீன் அன்ரிதான். இதை எந்தக் கோயிலில் வைத்துக் கேட்டாலும் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். குடை வாங்கினால் கடைக்காரர் கும்பிடும்வரை விரித்து விரித்து மடக்குவார். எங்கள் அஜின்கோர்ட் கட்டடத்தில் லிஃப்ற் கதவு திறந்தால் உடனே ஏறமாட்டார். ஒருமுறை மூடித் திறக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று நிற்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் வைத்தியரிடம், "உந்த விறைப்பு மருந்தை இண்டைக்கு வேற ஆருக்கும் போட்டுப் பாத்தனீங்களோ? அவைக்கு விறைச்சதோ?" என்று விசாரித்தவர்.

சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எனக்கு இன்றுவரை தெரியாது. மணப்பெண்களுக்குச் சேலை உடுத்தி, தலை அலங்காரம் செய்வது அவருடைய தொழில். அறுபதைத் தாண்டிய, கட்டையான, சுறுசுறுப்பான மனுசி. அவர் என்னோடு முதன்முதல் கதைத்தது லிஃப்றுக்குள்.

"பிள்ளை, நீர்தானே மகசீனுகளில எழுதிறனீர்?"

ஒரு வாசகி! எனக்கு லிஃப்ற் தன்பாட்டில் இரண்டு மாடி கூட ஏறியதுபோல இருந்தது. "ஓம் அன்ரி!" என்றேன்.

"அப்ப உமக்குத் தெரிஞ்சிருக்கும். எந்த மகசீனை நம்பலாம்? நான் வாங்கினதெல்லாம் பாதியில நிண்டுபோகுது."

"தமிழ் மகசீன் எண்டால் பாதியில நிக்கிறது வழமைதானே அன்ரி."

"வாயும் விரிஞ்சுபோகுது."

"அது கேள்வி பதில் எழுதிறவையின்ர வாயா இருக்கும்."

"ஸ்பிறிங்கும் சரியில்லை."

மகசீனுக்கு ஸ்பிறிங்கா? வீட்டுக்குப் போய் யோசித்தேன். பிடிபடவில்லை. அடுத்த நாள் பின்னேரம் என்னிடம் இருந்த வாரப் பத்திரிகைகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன். அன்ரி கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே கதிரையில் விழுந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு பூட்டிய அலுமாரியைத் திறந்து, உள்ளங்கை நீளத்தில் ஒரு கறுப்பு இரும்புக் கூட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதுதான் பிள்ளை மகசீன். பிஸ்ரலின்ர பிடிக்குள்ள கீழால செருகிறது. இதுக்குள்ளதான் சன்னங்கள் ஒண்டுக்கு மேல ஒண்டா இருக்கும். அடியில ஒரு ஸ்பிறிங் தள்ளத் தள்ள மேல வரும்."

நான் இரண்டு அடி பின்னால் போனேன். நகரத்துக்கு வெளியே ஒரு குறிபார்த்துச் சுடும் கிளப்பில் அன்ரி உறுப்பினராம். பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, எல்லாம் சட்டப்படிதானாம். இந்த நேரம் உள் அறையில் இருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம். நான் வெளியில வரேல்லை எண்டு குறை நினைக்காதையும். மேசையில உது கிடக்கு."

அதுதான் அங்கிள், அன்ரியின் கணவர். கனடா தினத்து வாணவேடிக்கைக்கே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதர். ஊரில் யுத்தத்துக்குள் அவர் பட்டது அப்படி. அந்த வீட்டிலா இந்த விளையாட்டு? கேட்டே விட்டேன்.

அன்ரி மகசீனைத் துடைத்தபடி சொன்னார். "ஊரில துவக்கின்ர முன்பக்கத்தை மட்டும்தான் எனக்குக் காட்டினவை, பிள்ளை. ஒருக்கா பின்பக்கம் நிண்டு பாக்க வேணும்போல இருந்தது. முன்னுக்கு வெறும் இரும்புத் தட்டு. ஒருத்தருக்கும் நோகாது."

அன்றிலிருந்து நான் அவருடைய சாரதி.

அன்ரிக்கு அப்போது பெரிய பிரச்சினை ஒன்று. முந்தைய போட்டியில் அவருடைய பிஸ்ரல் திரும்பத் திரும்பச் சிக்கி, பின்னால் நின்றவர்கள் எல்லாம் கொட்டாவி விட்டிருக்கிறார்கள். கிளப்பில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்காரர், கதவு நிலை அளவு உயரமும் அதற்கேற்ற மீசையும் உள்ளவர். "ஆன்ரி, உங்கட துவக்குக் களைச்சுப்போச்சு. இனியும் இப்பிடிச் சிக்கினால் புதுசாப் பழகுற ஆக்களோட நிண்டு சுடுங்கோ" என்று ஆங்கிலத்தில் அன்பாகச் சொல்லியிருக்கிறார். அந்த அன்புதான் அன்ரிக்குச் சுட்டது.

"பழகுற ஆக்களோடயோ! நானோ! புதுத் துவக்கு வாங்கலாம் எண்டால் சட்டம் கைத்துவக்கு விக்கிறதை நிப்பாட்டிப்போட்டுது. துவக்கில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. பிழை முழுக்க மகசீனில. நல்ல மகசீன் தேடி எடுத்துக் காட்டுறன் பாரும்!"

தொடங்கியது பாருங்கள் ஒரு தேடல்! மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இந்தப் பாடு பட்டிருக்கமாட்டார்கள். துவக்கைச் செய்த கொம்பனியின் மகசீன், வேறு கொம்பனிகளின் மலிவு மகசீன், கிளப்பில் ஒருவர் கழித்துவிட்ட கீறல் விழுந்த மகசீன், பளபளவென்று பொன் நிறத்தில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மணப்பெண்ணின் நகத்துக்குப் பூசுகிற சிவப்புக் கியூட்டெக்ஸால் அடியில் நம்பர் போட்டார்.

"நம்பர் இல்லாட்டி எது குழப்படிக்காரன் எண்டு எப்பிடித் தெரியும்? எல்லாம் ஒரே மூஞ்சிதானே."

பிறகு சோதனை. வாயின் இரண்டு விளிம்பும் ஒரே அளவில் நிற்கிறதா என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். உள்ளே சன்னத்தைத் தாங்கும் தட்டு சரிந்து சரிந்து வருகிறதா என்று விரலால் அமத்திப் பார்த்தார். வெறும் மகசீனைச் செருகி, பொத்தானை அமத்தினால் தன்பாட்டில் விழுகிறதா என்று பார்த்தார். உள்ளே எண்ணெய் பூசலாமா என்று கேட்ட என்னை, பாயாசத்துக்கு உப்புப் போடலாமா என்று கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "எண்ணெய் போட்டால் தூசி எல்லாம் உள்ளுக்க குடியிருக்கும். துடைச்சால் காணும்."

இதெல்லாம் வீட்டுச் சோதனை. உண்மையான பரீட்சை கிளப்பில். போட்டியில் பாவிக்கப்போகிற அதே சன்னத்தை அடைத்துச் சுடவேண்டும். ஒருமுறை சிக்கினால் எச்சரிக்கை. அதே நம்பர் திரும்பவும் சிக்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு நாள் வீட்டில், "ரவை முடிஞ்சுது, வாங்கவேணும்" என்று அன்ரி சன்னத்தைச் சொன்னதைக் கேட்டு, அங்கிள் கடைக்குப் போய் உப்புமாவுக்கு இரண்டு பை ரவை வாங்கிவந்ததும் இந்தக் காலத்தில்தான்.

கிளப்புக்குப் போகும் பயணம் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. துவக்கைப் பூட்டி, பூட்டிய பெட்டிக்குள் வைத்து, நேர் வழியில் கொண்டுபோகவேண்டும் என்பது சட்டம். அன்ரியின் விளக்கத்தில் நேர் வழி என்றால் காரின் சில்லு நிற்கவே கூடாது.

"அன்ரி, ஒரு கோப்பி..."

"நேர் வழி!"

"அன்ரி, எனக்கு அவசரமா ஒருக்காப் போகவேணும்..."

"அங்க போய்ப் போம். நேர் வழி!"

நெடுஞ்சாலையில் நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்துக்கு என்னை எந்தப் பொலிஸும் மறிக்காதது அவனுடைய அருள்தான்.

பொன் நிற மகசீன் முதல் நாளே தோற்றது. "பாத்தீரோ, மினுக்கம்!" என்று அன்ரி வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். மலிவு விலைக்காரர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். பனி கரைந்து, மரங்களில் இலை வந்தபோது மிஞ்சியது மூன்று. அதில் முதலிடம் நாலாம் நம்பருக்கு. பார்க்க ஒரு அழகும் இல்லாத, கொம்பனியின் சாதாரண மகசீன். எவ்வளவு சுட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அன்ரி அதைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கம்!" என்றார். ஒரு பொருளை அவர் புகழ்ந்து நான் கேட்டது அப்போதுதான்.

போட்டி நாள் வந்தது. அதே நாள் காலையில் ஒரு கலியாணமும் வந்தது! பெண்ணை உடுத்திவிட்டு வீட்டுக்கு ஓடி, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளப்புக்கு ஓடவேண்டும். நான் மண்டபத்து அறையில் சேப்ரி பின்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அன்ரியின் விரல்கள் பறந்தன. அவசரத்தில் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"கெதியாப் பொம்பிளையை முடிச்சுப்போட்டுச் சுடப்போகவேணும்!"

மணப்பெண் கண்ணாடியில் வெளிறிப்போனாள். பெண்ணின் பெரியம்மா மட்டும் ஆர்வமாகக் கிட்ட வந்தார். "என்ன அன்ரி, பலகாரச் சூடோ? ஆற்ற வீட்டில?"

"பலகாரம் இல்லை. ஒன்பது மில்லிமீற்றர்."

"அது முறுக்கு உரலின்ர கண்ணோ?"

"கிட்டத்தட்ட அந்த அளவுதான்" என்று சொல்லி, கடைசிப் பின்னைக் குத்தி, தலைப்பை உதறிவிட்டார் அன்ரி. சேலை சிலைக்கு உடுத்தியதுபோல நின்றது. நாங்கள் ஓடினோம்.

வீட்டு வாசலில் அங்கிள் நின்றார். சப்பாத்துப் போட்டிருந்தார். கழுத்தில் அன்ரியின் பழைய காதுமூடி தொங்கியது.

"எங்க வெளிக்கிட்டியள்?" அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சோதிச்சுச் சோதிச்சு உன்ர பெருவிரல் வீங்கிப்போய்க் கிடக்கு. அந்த ஸ்பிறிங்கை அமத்தி ஆர் சன்னம் அடைக்கிறது? நான் அடைச்சுத்தாறன்." அங்கிள் எங்களைப் பார்க்காமல் சொன்னார். "காதைப் பொத்திக்கொண்டு நிப்பன்."

பெட்டியை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் நேர் வழியில் ஓடினோம். கிளப்பில் முதல் வெடிச் சத்தத்துக்கே அங்கிளின் தோள் இரண்டும் காதுவரை ஏறியது. கண்ணை இறுக்கி மூடினார். மூடிய கண்ணோடேயே, மீசைக்காரர் காட்டிய மேசையில், சன்னத்தைத் தடவித் தடவி எடுத்து மகசீனில் அடைத்தார். முதல் சுற்று ஒரு சிக்கலும் இல்லாமல் போனது! இரண்டாவதும் போனது! மீசைக்காரர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு சுற்று. வரிசையாக நிற்கும் இரும்புத் தட்டுகளை ஒரு மகசீனால் பாதி, மகசீனை மாற்றி மீதி என்று விழுத்தவேண்டும். கடித்துக் கடித்து எனக்கு நகம் எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கிள் நாலாம் நம்பரை நிரப்பி அன்ரியிடம் நீட்டியபோது, பக்கத்துச் சுடுதளத்தில் யாரோ படபடவென்று சுட்டார்கள். அங்கிள் துள்ளினார். மகசீன் கொங்கிறீற் தரையில் தலைகீழாக, வாய் அடிபட விழுந்தது.

மகசீனுக்கு அதுதான் கெட்ட விழுகை. விளிம்பு மயிரளவு வளைந்தாலும் சன்னம் நேராக ஏறாது. அப்படி விழுந்ததை அன்றைக்குப் பாவிக்கவே கூடாது என்று எத்தனை பேருக்கு அன்ரி பாடம் எடுத்திருக்கிறார்! மாற்று மகசீன் அவருடைய பையில் தயாராக இருந்தது.

அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். பார்க்க ஏலவில்லை.

"நான் வந்திருக்கக்கூடாது" என்றார் அவர்.

அன்ரி குனிந்து மகசீனை எடுத்தார். லிஃப்றையே நம்பாத அந்த மனுசி அதன் வாயைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தூசியைத் தட்டிவிட்டு இடுப்புப் பட்டியில் செருகினார்.

"என்னத்துக்கு உப்பிடிக் கதைக்கிறியள்? இதுக்கு ஒண்டும் நடக்கேல்லை."

சுடுகிற கோட்டுக்குப் போனார். தொடக்க மணி ஒலித்தது. டங்! டங்! டங்! தட்டுகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. மகசீன் மாறியது. நாலாம் நம்பர் உள்ளே போனது. டங்! டங்! பிறகு... ஒன்றுமில்லை. சிக்கிவிட்டது! மீசைக்காரரின் புருவம் மேலே போனது. என் இதயம் கீழே போனது. அன்ரியின் இடது கை மகசீனின் அடியில் ஒரு தட்டுத் தட்டியது, பிஸ்ரலின் மேற்பகுதியைப் பின்னால் இழுத்து விட்டது, குழம்பிய சன்னம் வெளியே பறந்தது. பிழையாகக் குத்திய சேப்ரி பின்னைக் கழற்றி எறிகிற அதே வேகம்! டங்! டங்! கடைசித் தட்டும் விழுந்தது. நான் கத்திய கத்தலுக்கு எனக்கு அடுத்த நாள் குரல் இல்லை.

மீசைக்காரர் வாயைத் திறந்தார். "ஆன்ரி, அந்த மகசீன்..."

"ஓல் குட்! ஓல் குட்!" என்று அன்ரி அவரைவிடச் சத்தமாகச் சொன்னார். கண்ணால் அங்கிள் நின்ற பக்கத்தைக் காட்டினார். அங்கே அங்கிள் கண்ணை மூடி, காதுமூடிக்கு மேல் கையையும் பொத்திக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றார். ஒன்றும் கண்டிருக்கமாட்டார். மீசைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் மட்டும் கேட்கிறமாதிரி, இவ்வளவு கெதியாகச் சிக்கல் எடுக்கிற ஆளைப் பழகுகிறவர்களோடு விட்டால் அவர்கள் அழுவார்கள் என்றார். அன்ரி பழைய இடத்திலேயே நின்று சுடலாம்!

அன்ரி போய் அங்கிளின் காதுமூடியை மெல்லக் கழற்றினார்.

"முடிஞ்சுதோ? நாலாம் நம்பர் என்ன மாதிரி?"

"ஒரு சோலியும் இல்லை. நீங்கள் அடைச்சதெல்லோ!"

அங்கிள் சிரித்தார். அந்த மனிதருக்குப் பல் இவ்வளவு வடிவு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இப்போதும் ஒவ்வொரு போட்டிக்கும் அங்கிள் வருகிறார். நாலாம் நம்பரை அன்ரி எத்தனையோ தடவை திரும்பச் சோதித்துவிட்டார். அது ஒவ்வொரு தடவையும் சிக்குகிறது. சுடுவதற்கு வேறு மகசீன்களை வைத்துக்கொண்டு, அதையும் அங்கிளிடம் கொடுத்து நிரப்பச் சொல்லி வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டுதான் கோட்டுக்குப் போவார். அந்த நேரத்தில் எனக்கு அன்ரியைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல வரும். துவக்கோடு நிற்கிற மனுசி என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.