கார் சீட்டுக்கு ஒரு உறை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. பாப்பாவோட கார் சீட்டுக்கு ஒரு உறை தைக்கக் குடுக்கணும். அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்து மூணுல நடந்தது இது. அமெரிக்காவுல இருந்து ஒரு மாச லீவுல ஆரணிக்கு, மாமியார் வீட்டுக்கு வந்திருந்தோம். அமெரிக்காவுல ரெண்டு வயசுக் குழந்தைய கார்ல ஏத்தணும்னா அதுக்குன்னு தனி சீட்டு வச்சு, பெல்ட்டு மாட்டித்தான் உக்கார வைக்கணும். சட்டம்.

வரும்போது அந்த சீட்ட அப்படியே லக்கேஜ்ல போட்டுட்டேன். சென்னையில வந்து பாத்தா துணி பூரா கிரீஸ். ஒரு ஓரம் கிழிஞ்சு பஞ்சு எட்டிப் பாக்குது.

என் மனைவி சுமதி திட்டல. "போறப்பவாவது கொஞ்சம் யோசிச்சுப் பண்ணுங்க"ன்னு மட்டும் சொன்னா.

திட்டியிருந்தா பரவால்ல!

அதனால திரும்ப அமெரிக்காவுக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருக்கறப்போ, சீட்டத் தூக்கிகினு பஜார்ல இருக்கற குஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பேரு ஏழுமலை. ஆட்டோ, பஸ், பைக்குன்னு ஊர்ல எது மேல யார் உக்காந்தாலும் அது அவர் தைச்சதுதான்.

"கார் சீட்டுக்கு உறை தைக்கணுங்க."

"எந்த வண்டி? அம்பாசிடரா, மாருதியா?"

"வண்டி இல்லங்க. இதோ, இந்த சீட்டுக்கு. ப்ளேன்ல எடுத்துகினு போறோம்."

ஏழுமலை என்ன மேலயும் கீழயும் பாத்தாரு.

"ஏன் சார், ப்ளேன்ல சீட்டு குடுக்க மாட்டாங்களா?"

கால் மணி நேரம் விளக்குனேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டாரு. கடைசியில, "புரிஞ்சுபோச்சு சார். ப்ளேனே விழுந்தாலும் சீட்டுக்கு ஒண்ணும் ஆவக்கூடாது. அவ்ளோதானே?"ன்னாரு.

அதே ப்ளேன்ல நாங்களும் இருப்போம்னு சொல்ல வாயெடுத்தேன். விட்டுட்டேன்.

"அளவுக்கு சீட்டு இங்கயே இருக்கட்டும். நாளைக்குக் காலைல வாங்க."

மறுநாள் காலைல சுமதியோட அண்ணன் குமார் மச்சான் பைக்ல கூட்டிகினு போனாரு. உறை ரெடி! ரத்தச் சிவப்பு ரெக்சின், சுத்தி மஞ்சள் பைப்பிங், உள்ள ரெண்டு இஞ்சுக்கு ஃபோம், தூக்கறதுக்கு ரெண்டு பக்கம் கைப்பிடி. பாத்ததும் எனக்கே அதுக்குள்ள போய்ப் படுத்துக்கலாம் போல இருந்துச்சு.

"பிரமாதங்க! சீட்டு எங்க?"

ஏழுமலை கடைக்குள்ள பாத்தாரு. வெளிய பாத்தாரு. அப்புறம் உறையத் தொறந்து, அதுக்குள்ளயும் ஒரு தடவ பாத்தாரு.

"சார்... காலைல செய்யாறு கம்பெனி பஸ்ஸுக்கு சீட்டெல்லாம் டெம்போல ஏத்துனாங்க. அதோட சேத்து..."

"சேத்து?"

"ஏத்திட்டாங்க போல."

மறுநாள் மத்தியானம் ஃப்ளைட்டு. அமெரிக்காவுல இறங்குனா ஃப்ரெண்டு ஒருத்தன் காரோட வந்து நிப்பான். சீட்டு இல்லாம பாப்பாவ எப்படி ஏத்தறது?

"மாப்ள, பேஜார் ஆவாதீங்க. செய்யாறுதானே? ஜல்தியா போய்ட்டு வந்துடலாம்"னாரு மச்சான்.

"சுமதி கேட்டா?"

"அவளுக்கு எதுக்குங்க தெரியணும்?"

அந்த ஒரு வார்த்தையில அவர் மேல இருந்த மரியாத ரெண்டு மடங்காச்சு.

ஒரு மணி நேரத்துல செய்யாறு. கம்பெனி கேட்டுல இருந்த வாட்ச்மேன் உள்ள பஸ் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டாரு. மெக்கானிக் ஒருத்தர் கையத் தொடச்சிகினே வந்தாரு.

"சின்ன சீட்டா? ஆமா, ஒண்ணு வந்துச்சே. டிரைவருக்குப் பக்கத்துல போட்டாச்சு."

"போட்டாச்சா!"

"கயிறு வச்சு நல்லா இறுக்கிக் கட்டிட்டேன் சார், ஆடாது. கிளீனர் உக்கார்றதுக்கு ஏழுமலை புது மாடலா எதோ பண்ணியிருக்காருன்னு நெனச்சோம். கிளீனரு ஒக்காந்து பாத்தாரு. இடுப்பு மாட்டிகிச்சு. ரெண்டு பேரு இழுத்துத்தான் எடுத்தோம்."

"இப்ப பஸ்ஸு எங்க?"

"ஷிப்டுக்கு ஆள் ஏத்தப் போயிருக்குது. ரெண்டு மணிக்கு வந்துடும்."

கேட்டுக்கு எதிர்ல டீக்கடையில உக்காந்தோம். மச்சான் மூணு டீ குடிச்சாரு. நான் ரோட்டையே பாத்துகினு இருந்தேன். என் கல்யாணத்தன்னிக்குக்கூட வாசல அப்படிப் பாத்ததில்ல.

ரெண்டு மணிக்கு பஸ்ஸு வந்துச்சு. ஓடிப்போய் ஏறுனேன்.

டிரைவருக்குப் பக்கத்துல என் பொண்ணோட சீட்டு. அதுல, தோள் பெல்ட்டு ரெண்டும் மாட்டி, நடுவுல பூட்டி, சொகுசா ஒரு டிபன் கேரியர் உக்காந்துகினு இருக்குது!

"சார், இது உங்களுதா?" டிரைவர் என் கையப் பிடிச்சிகிட்டாரு. அவரு கண்ணுல ஒரு தவிப்பு. "இத எப்படி சார் தொறக்கறது? ரோடு மோசமாச்சே, சாம்பார் சிந்தாம இருக்கட்டும்னு பெல்ட்டப் போட்டேன். ஒரு சொட்டு சிந்தல சார்! ஆனா பன்னெண்டு மணியில இருந்து இழுக்கறேன், கழட்ட முடியல. பசி உயிர் போவுது!"

பின்னாடி இருந்து ஒருத்தர், "நாங்களும் ஆளாளுக்குப் பாத்துட்டோம் சார்"னாரு. இன்னொருத்தர், "கத்தி வச்சு அறுத்துடலாம்னு பேசிகினு இருந்தோம்"னாரு.

நான் குனிஞ்சு, நடுவுல இருந்த சிவப்புப் பட்டன கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்துனேன். டப்புன்னு விட்டுகிச்சு.

பஸ்ஸே கை தட்டுச்சு!

"படிச்சவங்க படிச்சவங்கதான்யா"ன்னாரு டிரைவர்.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, அப்ப ஆறு வருஷமா வேலை பாத்துகினு இருந்தேன். எனக்காக ஜனங்க கை தட்டுனது அன்னிக்கு ஒரு நாள்தான். அந்த சந்தோஷத்துல டிபன் கேரியர நானே எடுத்துக் குடுக்கறேன்னு தூக்குனேன். மேல் கிண்ணம் சாஞ்சுது. செய்யாறு ரோட்டுல, அத்தன பள்ளத்துலயும் சிந்தாத சாம்பார் என் கையில சிந்துச்சு. சீட்டு மேல.

டிரைவர் சோத்தப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. அப்புறம் ரசத்தத் தொறந்தாரு.

திரும்பி வர்றப்போ சீட்ட வைக்க பைக்ல இடமில்ல. தலையில கவுத்துகினு பின்னாடி உக்காந்தேன். வழி பூரா எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "அது என்னா ஹெல்மெட்டுங்க?"ன்னு ஒருத்தர் சைக்கிள்ல இருந்தே கேட்டுட்டுப் போனாரு.

ஏழுமலை கடையில நிறுத்தி சீட்ட உறைக்குள்ள போட்டோம். கச்சிதமா உக்காந்துச்சு. வீட்டுக்குக் கொண்டு போனதும் சுமதி கைப்பிடியத் தூக்கிப் பாத்தா, பைப்பிங்கத் தடவிப் பாத்தா.

"பரவால்லயே, நல்லா வந்திருக்குதே!" அப்புறம் மூக்கச் சுருக்குனா. "சாம்பார் வாசனை வருதே?"

"புது ரெக்சின் அப்படித்தான் இருக்கும்"னேன்.

மச்சான் அவசரமா தண்ணி குடிக்க உள்ள போயிட்டாரு.

மறுநாள் ஏர்போர்ட்டு. செக்-இன் கவுன்ட்டர்ல நெஞ்ச நிமித்திகினு உறையத் தூக்கி வச்சேன். வரிசையில நின்னவங்க எல்லாரும் அதத்தான் பாத்தாங்க. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணும் எழுந்து நின்னு பாத்தாங்க.

"உள்ள என்ன சார்?"

"குழந்தையோட கார் சீட்டுங்க. அடிபடக் கூடாதுன்னு பாதுகாப்பா..."

"கவர் ரொம்ப நல்லா இருக்கு சார்."

"தேங்க்ஸ்ங்க!"

"ஆனா இவ்ளோ அகலம் ஸ்கேன் மெஷின்ல நுழையாது. கவரக் கழட்டிட்டுக் குடுத்துடுங்க."

கெஞ்சிப் பாத்தேன். ஃபோம அமுக்கிக் காட்டுனேன். விட்ட உடனே அது இன்னும் உப்பிகினு எழுந்துச்சு. ஏழுமலை வேலைன்னா வேலைதான்.

சுமதி பக்கத்துல நின்னு பாத்துகினே இருந்தா. அன்னிக்கும் திட்டல.

உறையப் போடறதுக்குப் பெட்டியில இடம் இல்ல. தூக்கிப் போட மனசும் இல்ல. கையிலயே எடுத்துகினு ஏறுனேன். மேல லக்கேஜ் வைக்கற இடத்துலயும் நுழையல. மும்பை வரைக்கும் மடியில. அங்க இருந்து அமெரிக்கா வரைக்கும் மடியில. பாப்பா அதுமேல தலை வச்சு நல்லாத் தூங்குனா. எனக்குத்தான் சாப்பாட்டுத் தட்டு வைக்க இடமில்ல.

அங்க இறங்குனதும் சீட்டு வந்துச்சு. உடையல, பெல்ட்டும் சரியா இருந்துச்சு, பாப்பாவ உக்கார வச்சுகினு வீட்டுக்குப் போயிட்டோம். துணியில மட்டும் புதுசா மூணு எடத்துல கிரீஸ், ரெண்டு கிழிசல்.

உறையில ஒரு கீறல்கூட இல்ல.