ஒருக்கா அக்காவும் தானாக ஓடிய மவுஸும்

எந்த வேலையையும் இரண்டாவது முறை செய்வதில்லை என்று வாழ்ந்த ஒரே பிறவி இந்த உலகத்திலேயே எங்கள் ஒருக்கா அக்காதான்.

திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடை. ஆபீஸில் அவரும் நானும் அடுத்தடுத்த கம்ப்யூட்டர். காதில் விழவில்லையே என்று "என்னங்க்கா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "ஒருக்காச் சொன்னா ஒருக்காத்தான் சாமி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவருக்கு அமைந்த வேலையோ, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் 'சரக்கு வந்திருக்கிறது' என்று வாட்ஸப்பில் ஒரே செய்தியை அடித்து அனுப்புவது. கொஞ்ச நாள் பல்லைக் கடித்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு புரோகிராமைப் பிடித்து வந்தார். மவுஸ் போகும் இடம், விரல் தட்டும் எழுத்து எல்லாவற்றையும் அது பதிந்துகொள்ளும். ஓடவிட்டால் அப்படியே திருப்பிச் செய்யும். அக்கா கடலை உரித்துத் தின்ன, திரையில் அம்பு தானாக ஓடும், எழுத்து தானாக விழும். டீ கொண்டுவரும் பொன்னம்மா இதைப் பார்த்துவிட்டு மறுநாளே கீபோர்டுக்கு விபூதி பூசிவிட்டார். அதன்பின் சில எழுத்துகள் நிரந்தரமாகவே விழவில்லை.

ஒருநாள் வினை வந்தது. அக்கா புதிதாகப் பதிந்துகொண்டிருக்கும்போது அவர் வீட்டுக்காரர் கடை நம்பருக்கே செய்தி அனுப்பினார். காலையில் சண்டை போலிருக்கிறது. பட்டியலில் முதலில் வந்து நின்ற அவர் பெயரை அக்கா அமுக்கி, "கோவத்த உடுங்க. பொழுதோட ஊட்டுக்கு வாங்க. அரிசிம்பருப்பு ஆக்கிப் போடறேன்" என்று அடித்தார். அதுவும் பதிவானது தெரியாமல், ஓடவிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

புரோகிராமுக்கு ஆள் தெரியாது, இடம்தான் தெரியும். சரக்குச் செய்தி போனவர் பெயர் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. உடனே அவருக்கு அரிசிம்பருப்பு அழைப்பும் போனது. நான் பதறி மவுஸ் வயரைப் பிடுங்கினேன். அம்பு நிற்கவில்லை. கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவதற்குள் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் விருந்து சொல்லியாயிற்று.

முதல் போன், சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போயிருந்த எங்கள் ஊர் லாரிக்காரரிடமிருந்து. "ஏனுங்க, பொழுதோட வந்து சேர முடியாதுங்களே. ரெண்டு நா கழிச்சு வாரேன், பருப்பு இருக்குமுங்களா?"

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "நாளையிலிருந்து வர வேண்டாமுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரு" என்று என்னிடம் கத்தினார். அதைக் கேட்டபடி திரும்பி வந்த அக்கா டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. முதலாளியின் பழைய பங்காளி. சண்டை போட்டுப் பிரிந்து எதிர்வரிசையில் கடை போட்டவர். இந்தப் பக்கம் தலைவைத்தே படுக்காதவர். ஆனாலும் முதலாளி அவர் நம்பரை வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து எடுத்திருக்கவில்லை. வந்தவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"நீயே கோவத்த உடச் சொல்லிக் கூப்பிடறப்ப எப்படிடா வராம இருக்கறது?"

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரு." அக்கா பக்கம் திரும்பி, "ஏம்மா, நெசமாலுமே ஆக்கத் தெரியுமா?" என்றார்.

"தெரியுமுங்க. ஆனா ஒருக்காத்தான்."

கடைக்குப் பின்னாலேயே ஸ்டவ் வைத்து ஆக்கினார். வீட்டில் காத்திருந்த வீட்டுக்காரரையும் போன் போட்டு வரவழைத்தோம். முதலாளிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிறகு வீட்டுக்காரரின் வெற்றிலைத் தோட்டத்தைப் பார்க்க அக்கா பரமத்தி வேலூருக்குப் போய்விட்டார். போன மாதம் அங்கே பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "ஏஞ்சாமி, இப்படி எளைச்சுக் கெடக்கற?" என்று ஆரம்பித்தார். நாமக்கல் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது. நான் ஏறவில்லை. பாதியில் விட்டுப்போனால் அக்கா இன்னொருக்காச் சொல்லமாட்டாரே.